ஒரு பெட்டி மட்டும் எரியவில்லை

எங்கள் அலுவலகம் மாத்தளை திருகோணமலை வீதியில், மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. படியேறி வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் அழுவார்கள். பிரவீனா தும்மவில்லை. உட்கார்ந்ததும் அழுதாள்.

ஆதிபா மிஸ் அழுகிறவர்களை அவசரப்படுத்துகிற ஆள் இல்லை. ஒரு சட்டத்தரணியிடம் நெடுநாள் வேலை பார்த்து, அங்கே கேட்ட பொய்களில் ருசி கண்டு, தனியாகத் துப்பறிய வந்தவர். அவர் வாயில் 'சொல்லு' 'செல்லு' ஆகும், 'இருக்கு' 'ஈக்கி' ஆகும். அவருடைய மேசையில் ஒரு போத்தல் நிறையப் பேனா மூடிகள் இருக்கும். பேனா கிடையாது, மூடி மட்டும்தான். மூடியை விட்டுவிட்டுப் போகிறவன் ஏதோ பதற்றத்தில் போயிருக்கிறான் என்பது அவர் கட்சி. நான் ஜீவராஜ். ஆட்டோ ஓட்டுகிறேன், மிஸ்ஸுக்குக் கூடமாட அலைகிறேன், வாய் கொஞ்சம் நீளம். நான் சேர்ப்பது பொலிஸ் தண்டச் சீட்டு. அதை நான் தேடிப் போவதில்லை, அதுவாக என்னைத் தேடி வருகிறது.

பிரவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன கதை இதுதான்.

அடுத்த மாதம் அவளுக்கும் கிஷாந்த் என்பவனுக்கும் கலியாணம். கிஷாந்தின் அப்பா சுந்தரலிங்கம், பல்லேபொலப் பக்கம் கராம்பும் மிளகும் விளையும் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்திலேயே சொந்த வீடு. மனிதருக்குச் சாராயம் இல்லை, சீட்டு இல்லை, நெருப்புப்பெட்டி மட்டும்தான். ஊர் ஊராக, நாடு நாடாக, விதவிதமான படம் போட்ட பெட்டிகளை வாழ்நாள் பூராவும் சேர்த்து முன்னறையில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தார். தேர்த் திருவிழா அன்று எல்லோரும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அந்த அறை தீப்பிடித்தது. கிஷாந்தின் அம்மா நல்லம்மாவை அதற்குள்ளிருந்து கரிக்கட்டையாகத்தான் எடுத்தார்கள்.

மரண விசாரணையில் கிஷாந்த் சாட்சி சொன்னான். தான் தேர் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, வளைவிலேயே சத்தம் கேட்டதாம். பெட்டிகள் பட்டாசுக் கட்டுப் போலப் படபடவென்று வெடித்தனவாம். தகரக் கூரைச் சூட்டில் ஒரு பெட்டி பற்ற, மற்றதெல்லாம் தானாகவே பற்றியிருக்கும் என்றானாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பெரியவர் வாயில் வரும் ஒரே பேச்சு, நான்தான் கொன்றேன் என்பது. சோறு இறங்குவதில்லை. எரியாமல் தப்பிய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கிடக்கிறார். கலியாணம் முடிந்த கையோடு அவரைக் கண்டியில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவதாக கிஷாந்த் முடிவெடுத்துவிட்டான். அம்மாவைக் கொன்ற மனிதரோடு ஒரே கூரைக்குக் கீழ் இருக்க ஏலாது என்கிறானாம்.

"அங்க கொண்டு போய் விட்டா மாமா செத்துருவாரு மிஸ்," என்றாள் பிரவீனா. "அவர் மேல பிழையில்லன்னு எனக்கு ஒரு வார்த்தை கண்டுபிடிச்சுத் தாங்க. கரண்ட் வயர் மேல பழி விழுந்தாலும் சரிதான். அதக் காட்டி கிஷாந்த சமாதானப்படுத்தி, மாமாவ எங்களோட வச்சுக்குவேன்."

வரப்போகும் மாமனாருக்காக இப்படி அழுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லியும்விட்டேன். அவள் தலைகுனிந்தாள். சம்பந்தம் பேசப் போன அன்று அவளுடைய அம்மா அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் குப்பை இருக்கிற வீட்டுக்கு என் பிள்ளை வரமாட்டாள் என்று சபையிலேயே சொல்லிவிட்டாராம். பள்ளிக்கூடத்தில் 'நெருப்புப்பெட்டி' என்று பட்டப்பெயர் வாங்கி, அந்த வெட்கத்திலேயே கண்டி விடுதிக்கும் பிறகு வேலைக்குக் கட்டார் நாட்டுக்கும் ஓடியவன் கிஷாந்த். அவன் முகம் செத்துப்போனது. பெரியவர் மட்டும் கோபப்படவில்லை. அவர்கள் கிளம்பும்போது பிரவீனாவின் கையில் ஒரு பெட்டியை வைத்து, விரல்களை மூடிவிட்டாராம்.

அதைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பச்சை லேபலில் ஒரு மயில். அச்சுப் பிழையில் அதற்கு மூன்று கால். வாங்கி ஆட்டிப் பார்த்தேன், உள்ளே ஒன்றே ஒன்று 'கிலுக்' என்றது.

"ஒரேயொரு குச்சி. தாராள மனசுதான்," என்றேன்.

பிரவீனா வெடுக்கென்று பறித்துக்கொண்டாள். அவருடைய சேகரிப்பில் தப்பியது இது ஒன்றுதான், திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் கொடுத்தால் அழுவாரோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

மிஸ் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். கிஷாந்த் என்ன சேர்க்கிறார்?

முதல் தடவையாக அவள் சிரித்தாள். சப்பாத்து. கட்டாரில் வாங்கிய விலை கூடிய சப்பாத்துகள். ஒன்றையும் காலில் போட்டதில்லை, எல்லாம் பெட்டியோடு அப்படியே இருக்கின்றன.

"இப்ப எல்லாம் எங்க வீட்டுலதான் மிஸ். அவர் அறையில கூரை ஒழுகுதுன்னு தேருக்கு முந்தின நாள் கொண்டாந்து அடுக்கிட்டாரு. நல்ல காலம், இல்லாட்டி அதுவும் எரிஞ்சிருக்கும்."

மிஸ் போத்தலிலிருந்து ஒரு மூடியை எடுத்து மேசையில் உருட்டினார். பிறகு என்னைப் பார்த்து, ஆட்டோவை எடுக்கச் சொன்னார்.

மிஸ்ஸும் பிரவீனாவும் பின்சீட்டில் இருக்க, பல்லேபொலப் பாதையில் என் ஆட்டோவும் நானும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஏறினோம். துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள் வெயிலில் நைந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டைப் பார்த்ததும் என் வாய் தானாக அடங்கிவிட்டது. முன்னறையும் அதை ஒட்டிய கிஷாந்தின் அறையும் நாலு கருஞ்சுவர்களாக நின்றன. தகரம் சுருண்டு விழுந்து கிடந்தது. ஒரு மனிதனின் ஆயுள்காலச் சந்தோஷம் முழுக்க ஒரு சாக்குக்குள் அடங்குகிற சாம்பலாகியிருந்தது. அதில்தான் ஒரு பெண் செத்தாள்.

குசினிக்குப் போகுமுன் மிஸ் லயத்துப் பக்கம் திரும்பினார். கடைசிக் காம்பராவில் இருக்கும் அழகம்மா அக்கா, நல்லம்மாவின் சிநேகிதி. முழங்கால் வலியால் தேருக்குப் போகாமல் அன்று லயத்தில் தனியாக இருந்தவள் அவள்தான். அவளுக்கும் ஒரு சேகரிப்பு இருந்தது. தின்று முடித்த யோகட் கோப்பைகளைக் கழுவி, சுவரோரம் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தாள். எதற்கு அக்கா என்றேன். எறிய மனசு வரவில்லை என்றாள். இந்த உலகத்துச் சேகரிப்புக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற ஒரே காரணம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

எங்களுக்குப் பிளேன்டி ஊற்ற அடுப்பு மூட்டினாள். ஒரு யோகட் கோப்பைக்குள் கையை விட்டு நெருப்புக்குச்சி ஒன்றை எடுத்தாள். கோப்பை நிறைய உதிரிக் குச்சிகள். ஓரம் தேய்ந்துபோன கிழட்டுப் பெட்டி ஒன்றில் நாலு தடவை உரசி ஒருவழியாகப் பற்றவைத்தாள்.

"குச்சியக் கிலோ கணக்குலயா அக்கா வாங்குறீங்க?" என்றேன்.

"எங்க தம்பி வாங்குறது? எல்லாம் கணக்கப்பிள்ளை ஐயா குடுக்கிறதுதான். அவருக்குப் பெட்டிதானே வேணும். குச்சியெல்லாம் கொட்டி லயத்துக்குக் குடுத்துருவாரு. இங்க எந்த வீட்டுலயும் போய்ப் பாருங்க, டின்னுல குச்சி இருக்கும். ஒரசத்தான் பெட்டி இருக்காது."

அக்கா ஊற்றித் தந்த தேநீரை மிஸ் குடிக்காமல் கீழே வைத்தார்.

"ஒரு பெட்டியிலயாச்சும் குச்சி வச்சிருந்தாரா அக்கா? நல்லா யோசிச்சுச் செல்லுங்க."

"ஒன்னுலயும் இருக்காதுங்க. வீட்டுக்குள்ள குச்சி மருந்து இருக்கப்படாதுன்னு நல்லம்மாக்கா கலியாணமான புதுசுலயே சத்தியம் வாங்கிட்டாங்களே."

அன்று வெடிச்சத்தம் ஏதும் கேட்டதா என்று மிஸ் கேட்டார். அழகம்மாவின் முகம் கோணியது.

"சத்தமே இல்லைங்க. சத்தம் கேட்டிருந்தா இந்தக் காலோட நான் தவழ்ந்தாவது போயிருக்க மாட்டேனா? வாசந்தான் முதல்ல வந்திச்சு. பொக வாசம் இல்ல, கராம்பு வாசம். லயம் பூரா பிரியாணி ஆக்கின மாதிரி. எங்கயோ விசேஷம்னு நெனச்சு உக்காந்திருந்தேன். பாவி, உக்காந்திருந்தேன்."

மிச்சத்தை அவள் அழுதுகொண்டே சொன்னாள். நல்லம்மா பஸ் ஏறப் போன இடத்தில், புருஷனின் பிரஷர் குளிசையை மறந்துவிட்டது ஞாபகம் வந்து, அவரை முன்னால் அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறாள். வந்தபோது முன்னறை எரிந்துகொண்டிருந்திருக்கும். ஓடித் தப்பாமல் உள்ளே போயிருக்கிறாள். ஆட்கள் வந்து பார்க்கும்போது முந்தானையை மடியாகக் கட்டி, இரண்டு கைகளாலும் அணைத்தபடி கிடந்தாள். மடியில் இருந்தது பெட்டிச் சாம்பல்.

"தெனம் அந்தப் பெட்டிகளத் திட்டுவாங்க. கடைசியில அதக் காப்பாத்தத்தான் உள்ள போனாங்க," என்றாள் அழகம்மா.

இதையெல்லாம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றாள். விசாரணை நடந்தது டவுனில். லயத்து ஆட்கள் யாரும் போகவில்லை. கரண்ட் வயரால் பிடித்த தீ என்றுதான் இங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரவீனா எழுந்து வெளியே ஓடினாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பின்னால் போய்ப் பார்த்தால் சிரித்த முகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். உடனே வாங்க, மாமா மேல ஒரு பிழையும் இல்ல, பெட்டியில குச்சியே இருக்கல்லையாம் என்று கிஷாந்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல செய்தி சொல்லும் சந்தோஷம் அவள் குரலில் துள்ளியது.

மிஸ் என்னை ஒரு கராம்பு மரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"ஜீவா, வெறும் பெட்டி வெடிக்குமா?"

"வெடிக்காது மிஸ்."

"அப்ப வெடிச்சிச்சுன்னு சாட்சி சொன்னவன்?"

நடக்காத சத்தத்தைக் கேட்டேன் என்று ஒருவன் சொன்னான். தீ தானாகப் பிடித்ததாக எல்லோரும் நம்ப வேண்டும் என்கிற அவசரம் அவனுக்கு இருந்திருக்கிறது. லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அதோடு சப்பாத்து. சேர்க்கிறவன் தன் பொருளைச் சும்மா இடம் மாற்ற மாட்டான்.

"தேர் ஓடுற மாசி மாசம் இந்தப் பக்கம் எங்க மிஸ் மழை பேஞ்சுது, கூரை ஒழுக?" என்றேன். "அவமானத்துல பெட்டிய மட்டும் எரிக்கத்தான் பாத்திருக்கான். ஆள் இல்லாத நாளாப் பாத்து."

"அது எனக்கு மாத்தளையிலயே வெளங்கிட்டுது. எனக்கு இப்பதான் வெளங்கினது வேற ஒன்டு." மிஸ்ஸின் குரல் தாழ்ந்தது. "அவன் அந்தப் பொய்யச் செல்லக்குள்ள பக்கத்துல இருந்தது யாரு? அது பொய்ன்டு அந்த நிமிஷமே தெரிஞ்ச ஒரே ஆள் யாரு?"

நான் குசினியைப் பார்த்தேன். நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தது துக்கத்தில் என்று நினைத்திருந்தோம். அவர் அதை மகனுக்காகச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குசினிக்குள் சுந்தரலிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சோற்றுத் தட்டில் எறும்பு மொய்த்திருந்தது. பிரவீனா போய் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். மிஸ் தானும் தரையில் அமர்ந்து, தாம் யார் என்று சொல்லி, மெதுவாக ஒரே கேள்விதான் கேட்டார். பெட்டிகளில் குச்சி இருந்ததா?

பிரவீனா ஆசையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு," என்றார். "ஒவ்வொரு பெட்டியிலயும் இருந்துச்சு."

"லயத்துல எல்லா வீட்டுலயும் உங்கட குச்சி ஈக்கி ஐயா."

"அது பழைய கதை. பொறகு நான் வாங்கிப் போட்டு வச்சேன். நல்லம்மாவுக்குத் தெரியாம. கிறுக்குப் புடிச்சவன்தானே, நான்தான் கொன்னேன்னு எழுதிக்கங்க." அவர் மிஸ்ஸை நேராகப் பார்த்தார். "எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரு உசிருதாம்மா."

பிரவீனாவின் சிரிப்பு அணைந்தது. அவர் எதற்காக இப்படிப் பொய் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கிஷாந்த் அப்பாவுக்குச் சாப்பிட ஒரு பாண் பார்சலோடு உள்ளே வந்தான். வெட்டின மீசையும் தேய்த்த சட்டையுமாகக் கண்ணியமான பிள்ளை. எங்களைக் கண்டதும் குரலை உயர்த்தவில்லை. பொலிஸே முடித்துவிட்ட விஷயத்தைக் கிளறி அப்பாவை ஏன் வதைக்கிறீர்கள் என்று கேட்டான். லயத்து ஆட்கள் ஆயிரம் சொல்லுவார்கள் என்றான்.

"நான் என் காதால கேட்டேன். எல்லாப் பெட்டியும் படபடன்னு வெடிச்சுது. அப்பா, நீங்களே சொல்லுங்க."

"தம்பி சொல்றது சரி," என்றார் பெரியவர், அவனைப் பார்க்காமல்.

பிரவீனா கைப்பையைத் திறந்து மூன்று கால் மயில் பெட்டியை எடுத்தாள்.

"மாமா, நீங்க எனக்குத் தந்ததுலயுமா?"

பெரியவர் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அதற்குள் அவள் பெட்டியைத் தள்ளித் திறந்துவிட்டாள். உள்ளங்கையில் ஒன்று விழுந்தது. மெலிந்த காம்பு, மேலே சின்ன உருண்டைத் தலை. எரிந்து முடிந்த குச்சியின் நுனி என்றுதான் முதலில் நினைத்தேன். வாசம் வந்த பிறகுதான் தெரிந்தது.

கிஷாந்த் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது நடிப்பில்லாத ஆச்சரியம்.

"இதென்ன, கராம்பா? நெருப்புப்பெட்டிக்குள்ள எதுக்குக் கராம்பு?"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் வாசலில், ஆறிப்போன தேநீரை மறுபடி சூடாக்கிக்கொண்டு வந்த அழகம்மா அக்கா நின்றிருந்தாள். அவள் ஒரு சூதும் தெரியாமல் சொன்னாள்:

"பூச்சி அரிக்காமத்தான் தம்பி. குச்சியக் கொட்டிட்டு எல்லாப் பெட்டியிலயும் ஐயா ஒரு கராம்பு போடுவாரே. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. பிறந்து வளர்ந்த வீட்டில் கூரை முட்ட அடுக்கியிருந்ததில் ஒரு பெட்டியையும் அவன் திறந்து பார்த்ததில்லை.

சுந்தரலிங்கம் தோளில் கிடந்த துண்டை முகத்தில் பொத்திக்கொண்டார். இத்தனை நாள் அழாத மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஒருநாளும் தொறந்து பாக்கல்ல," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "சின்னதுல மடியில வச்சுக் காட்டுவேன். மூஞ்சியத் திருப்பிக்குவான்."

கிஷாந்தின் கையிலிருந்த பார்சல் நழுவியது. அவன் அப்பாவைப் பார்த்தான், பிறகு மிஸ்ஸைப் பார்த்தான், கடைசியாகத்தான் பிரவீனாவைப் பார்த்தான்.

"எல்லாரும் தேருக்குப் போயிட்டாங்கன்னுதான்…" என்றான். "அம்மாவும் போனாங்கதானே. பஸ்ஸுக்குப் போறத நான் பாத்தேனே."

மிஸ் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். பொலிஸின் நம்பரை அழுத்துவது தெரிந்தது.

பிரவீனா கராம்பைப் பெட்டிக்குள் போட்டு, மூடி, பெரியவரின் மடியில் வைத்தாள். அவர் விரல்களை அதன் மேல் மடக்கிவிட்டாள். அவள் கேட்டு வந்த வார்த்தை அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. எழுந்து கிஷாந்தைத் தாண்டி வாசல் வரை போனவள் திரும்பாமலே நின்றாள்.

"ஒங்க சப்பாத்துப் பெட்டியெல்லாம் யாரையாவது அனுப்பி எடுத்துக்கங்க," என்றாள். "கூரை ஒழுகாத எடமாப் பாத்து வைங்க."